சுருதி தவறாத சுழற்சி: ரிக்கார்டு அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரிக்கார்டுகளைப் போற்றிக் காத்துவரும் அன்பர்களே,

உங்கள் தந்தையாரோ பாட்டனாரோ ஆசை ஆசையாய்ச் சேர்த்து வைத்துச் சென்ற எல்.பி. ரிக்கார்டுகளை இனியேனும் அவற்றுக்குரிய மரியாதையோடு ஒலிக்கச் செய்யவேண்டும் என்ற நல்லெண்ணத்தால் உந்தப்பட்டு, செலவைப் பொருட்படுத்தாமல், உயர்ந்த ரகத்து டர்ன்டேபிள் ஒன்றை வாங்கிவிடுவதென்று உங்களில் பலர் தீர்மானித்திருக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தை மனமார வரவேற்கிறேன். ஆயினும், கடைகளிலே நடக்கும் பேச்சு பெரும்பாலும் தட்டின் கனம் எத்தனை கிலோ, அடிப்பலகை எந்த மரம், மேலே பூசிய மெருகு எத்தகையது என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. தம்புராவின் ஓசையிலே வளர்ந்த காதுகளுக்கு இந்த யந்திரத்தினிடம் முதலாவதாக வேண்டியது என்ன என்ற கேள்வியை எழுப்புவார் அரிதாக இருக்கின்றனர். அந்தக் கேள்வியை எழுப்புவதற்காகவே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுழற்சியின் வேகம் அணுவளவும் ஏறாமலும் இறங்காமலும் நிலைத்து நிற்கும் யந்திரமே நமக்கு முதல் தேவை. ஏனைய குணங்கள் யாவும், அவை எவ்வளவு உயர்ந்தவையாயினும், அதற்குப் பிற்பட்டவையே.

காரணம் எளிது. ரிக்கார்டு வெட்டப்பட்டபோது தட்டு எந்த வேகத்தில் சுழன்றதோ, அதே வேகத்தில் இன்று நம் வீட்டிலும் சுழன்றால்தான் பாடகர் பாடிய சுருதி நமக்குக் கிடைக்கும். வேகம் குறைந்தால் சுருதி இறங்கும், கூடினால் ஏறும், வேகம் அலைந்தால் சுருதியும் உடன் அலையும். மேல்நாட்டுச் சங்கீதத்திலும், பியானோவின் ஸ்வரம் ஒன்று நீண்டு ஒலித்து அடங்கும்போது இந்த அலைச்சலைத் தேர்ந்த காது கண்டுகொள்ளும் என்பது மெய்யே. ஆனால் நம் சங்கீதத்திலோ ஆதார ஷட்ஜமும் பஞ்சமமும் முதல் உருப்படி தொடங்கி மங்களம் வரையில் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே யந்திரத்தின் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி ஒன்று ரிக்கார்டின் உள்ளேயே எந்நேரமும் உட்கார்ந்திருக்கிறது. சங்கீத சாஸ்திரத்தில் பிரமாண சுருதி என்று குறிப்பிடப்படும் நுண்ணிய இடைவெளி 80-க்கு 81 என்ற விகிதம், அதாவது நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு. தட்டின் வேகம் நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு தவறினால், வித்துவான் தம் வாழ்நாள் சாதகத்தால் நிலைநிறுத்திய ஸ்வரத்தானத்தை நாம் ஒரு பிரமாண சுருதி தள்ளிக் கேட்கிறோம். தவறு நிலையாக இருந்தாலாவது காது ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். அது அலையுமானால், தோடியின் கமகம் எது, மோட்டாரின் நடுக்கம் எது என்று பிரித்தறிய வகையில்லாமல் போய்விடும்.

வெளிநாட்டிலிருக்கும் உறவினர் மூலம் யந்திரத்தைத் தருவிக்க எண்ணியிருப்பவர்கள் இவ்விடத்தில் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் மின்சாரம் வினாடிக்கு 60 சுற்று; நம் நாட்டில் 50 சுற்று. பெல்ட் கட்டி ஓட்டும் பழைய யந்திரங்களிற் பல, மின்சாரத்தின் சுற்றையே கணக்காகக் கொண்டு ஓடும் மோட்டாரை உடையவை. அவ்வகை யந்திரம் ஒன்றை அங்கிருந்து கொண்டுவந்து, 230 வோல்ட்டை 110 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை மட்டும் வாங்கிப் பொருத்தினால், மோட்டார் எரிந்துபோகாது என்பது உண்மைதான். ஆனால் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமேயொழியச் சுற்றை மாற்றாதாகையால், நிமிஷத்துக்கு 33⅓ முறை சுழலவேண்டிய தட்டு 28 முறைகூடச் சுழலாது. அப்போது 5 கட்டையில் பாடிய குரல் 3 கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். 20 நிமிஷம் ஓடவேண்டிய பக்கம் 24 நிமிஷம் ஓடும். மோட்டாரின் முனையிலுள்ள கப்பியை 50 சுற்றுக்கு உரியதாக மாற்றினாலன்றி, அல்லது தனக்கு வேண்டிய சுற்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் மின்வழங்கி ஒன்றைச் சேர்த்தாலன்றி, இதற்குப் பரிகாரம் கிடையாது.

வேகத்தைச் சோதிக்க ஸ்ட்ரோபோஸ்கோப் அட்டை என்ற மலிவான சாதனம் இருக்கிறது. வட்டமான அந்த அட்டையின் விளிம்பிலே கறுப்புக் கோடுகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். நம் நாட்டு மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கு வினாடிக்கு 100 முறை மின்னுவதால், 33⅓ வேகத்துக்கு 180 கோடுகள் இருக்கவேண்டும். தட்டு சரியான வேகத்தில் சுழலும்போது அக்கோடுகள் ஓடாமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டாற்போல் தோன்றும். 216 கோடுகள் கொண்ட அமெரிக்க அட்டையை இங்கே வைத்துப் பார்த்தால், நான் மேலே சொன்ன அதே தவறான வேகத்தில்தான் கோடுகள் நிற்கும். அதை நம்பி வேகத்தைத் திருத்துகிறவர் சரியாயிருந்த யந்திரத்தையும் கெடுத்துவிடுவார். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகளிற் பல இம்மாதிரி மின்னுவதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி, தட்டைச் சுழற்றும் முறைகளைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரிலிருந்த காரர்ட் தொழிற்சாலை 1954-ல் வெளியிட்ட 301 என்ற யந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வலிமையான மோட்டார் ஒன்று ரப்பர் சக்கரத்தை உருட்ட, அந்தச் சக்கரம் தட்டின் உள் விளிம்பை உரசிச் சுழற்றுவது அதன் அமைப்பு. ஒலிபரப்பு நிலையங்களுக்காகவே உருவானதைப் போன்ற அந்த உறுதி இன்றைக்கும் மெச்சத்தக்கது. மிருதங்கத்தின் முத்தாய்ப்பு அதில் விழும் அழுத்தத்தை வேறு யந்திரங்களில் காண்பது அருமை. ஆனால் மோட்டாரின் அதிர்வு அந்த ரப்பர் சக்கரத்தின் வழியாகவே தட்டுக்கு ஏறிவருமாதலால், அச்சாணி, எண்ணெய், சக்கரம் ஆகிய அனைத்தையும் அறிந்த கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் அருகில் இல்லாதவர்கள் அதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். 78 வேகமும், வேகத்தைச் சற்றே ஏற்றி இறக்கும் வசதியும் அதில் இருப்பதால், பழைய அரக்கு ரிக்கார்டுகளை நிறைய வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அது கண்கண்ட தெய்வம்.

அடுத்தது பெல்ட். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1961-ல் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியின் மூலம் வெளியிட்ட எளிய யந்திரத்தில், தட்டையும் டோன் ஆர்மையும் ஒரே சட்டத்தில் பிணைத்து, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங்குகளின் மேல் மிதக்கவிட்டு, மோட்டாரைத் தனியே நிறுத்தி, மெல்லிய ரப்பர் பெல்ட்டினால் மட்டும் இரண்டையும் இணைத்தார். மோட்டாரின் நடுக்கத்தையும் மேஜையின் அதிர்ச்சியையும் ரிக்கார்டுக்கு எட்டாமல் தடுத்துவிடும் அந்த யோசனையை ஆதாரமாகக் கொண்டே, 1970-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோ நகரத்து ஐவர் டீஃபன்பிரன் என்பவர் லின் சொண்டெக் எல்பி12 என்ற புகழ்பெற்ற யந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். நல்ல ஒலிக்கு ஸ்பீக்கரே பிரதானம் என்று உலகம் நம்பியிருந்த அந்தக் காலத்தில், பள்ளத்திலிருந்து எடுக்கும்போதே தவறவிட்ட நாதத்தை எத்தகைய ஆம்பிளிபயரும் எத்தகைய ஸ்பீக்கரும் திருப்பித் தர இயலாது என்று அவர் வாதித்தார். அந்த வாதம் முற்றிலும் நியாயமானது. எல்பி12 இன்றளவும் தயாராகிறது. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கியவரும் புதிய உறுப்புக்களைப் பழைய யந்திரத்தில் பொருத்தி அதை உயர்த்திக்கொள்ளலாம். பொருளைத் தூக்கி எறியாமல் பேணும் அந்தக் கொள்கையின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

இருந்தாலும், பெல்ட் ரப்பராலானது. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் அது தளரும், வழுக்கும். ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும் யந்திரத்தை அவ்வப்போது அறிந்தவர் ஒருவர் சரிபார்த்துக் கொடுக்கவேண்டும். இவ்விரண்டுக்கும் வழி இருக்குமாயின், சொந்தமாகச் சுற்றை உண்டாக்கும் மின்வழங்கியுடன் கூடிய எல்பி12-ஐயோ, சஸெக்ஸ் பகுதியில் தயாராகும் எஸ்.எம்.இ. யந்திரங்களையோ தாராளமாக வாங்குங்கள். அவ்வளவு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு சௌத்எண்டிலிருந்து வரும் ரேகா யந்திரங்கள் இருக்கின்றன. ஸ்பிரிங்கும் வேண்டாம், மிகுந்த கனமும் வேண்டாம், இலேசாகவும் இறுக்கமாகவும் இருந்தால் போதும் என்பது அவற்றை வகுத்த ராய் காண்டியின் சித்தாந்தம்.

மூன்றாவது முறையில் பெல்ட்டும் இல்லை, சக்கரமும் இல்லை. மோட்டாரின் அச்சே தட்டின் அச்சு. ஜப்பானில் மட்சுஷிடா கம்பெனியைச் சேர்ந்த ஷுய்ச்சி ஒபாட்டா என்ற பொறியாளரும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய டெக்னிக்ஸ் எஸ்பி-10, 1970-ல் வெளிவந்து, இந்த நேரடி முறையை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. 1972-ல் அதே வழியில் எஸ்எல்-1200 வந்தது. 1979-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், கடிகாரங்களில் காலத்தைக் காக்கும் குவார்ட்ஸ் படிகமே தட்டின் வேகத்தையும் காவல் செய்தது. நடன விடுதிகளில் ரிக்கார்டு சுழற்றுகிறவர்கள் அதை விரும்பி ஏற்றுக்கொண்டதால், சங்கீத ரஸிகர்களிற் சிலர் அதைத் தம் கூடத்துக்குத் தகாத வஸ்துவென்று ஒதுக்குகிறார்கள். யார் உபயோகித்தார்கள் என்பதைக் கொண்டு யந்திரத்தின் குணத்தை நிச்சயிப்பது முறையாகாது.

அதை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். தட்டின் விளிம்பைச் சுற்றிலும் நான்கு வரிசைகளில் புள்ளிகள் அமைந்திருக்கும். இடப்பக்கத்து மூலையிலுள்ள சிறு விளக்கு அவற்றின் மேல் செந்நிற ஒளியை வீசும். பொத்தானை அழுத்தியவுடன், தட்டு ஒரு முழுச் சுற்றைப் பூர்த்தி செய்வதற்கு முன்பாகவே வேகத்தை எட்டிவிட, நான்கில் பெரிய புள்ளிகளையுடைய வரிசை அசைவற்று நின்றுவிடும். ஏனைய மூன்று வரிசைகளும் முன்னும் பின்னுமாக ஊர்ந்துகொண்டிருக்கும். அவை வேகத்தைக் குறிப்பிட்ட அளவு ஏற்றி இறக்கினால் நிற்பதற்காக ஏற்பட்டவை. அந்த விளக்கு வீட்டு மின்சாரத்தின் சுற்றை நம்பி மின்னுவதில்லை. குவார்ட்ஸ் படிகத்தின் கணக்குப்படியே மின்னுகிறது. விரலை விளிம்பில் மெல்லத் தொட்டாலும் புள்ளிகள் ஒரு கணம் தயங்கி, மறுகணமே தம் இடத்துக்கு வந்துவிடும். அந்த யந்திரத்தின் வேக அலைச்சலாகத் தயாரிப்பாளர் குறித்திருக்கும் அளவு நூற்றுக்கு 0.025, அதாவது பிரமாண சுருதியின் ஐம்பதில் ஒரு பங்கு. தம்புரா கேட்கும் காதுக்கு இதைவிட வேறென்ன உத்தரவாதம் வேண்டும்?

நேரடி மோட்டாரின்மேல் சொல்லப்பட்ட குற்றம் ஒன்று உண்டு. சுற்றுக்குச் சுற்று இரும்புத் துருவங்களைக் கடக்கும்போது மோட்டார் மிக நுண்ணியதாகத் துள்ளுகிறது என்பது அந்தக் குற்றச்சாட்டு. 2010-ல் உற்பத்தி நின்றுபோன எஸ்எல்-1200, 2016-ல் மீண்டும் உயிர் பெற்று வந்தபோது, அந்தத் துள்ளலுக்குக் காரணமான இரும்பு உள்ளீட்டையே நீக்கிய புது மோட்டாருடன் வந்தது. அதன் உயர்ந்த வகையான 1200ஜி அமெரிக்காவில் அப்போது 4,000 டாலர் விலைக்கு வந்தது. 33⅓, 45, 78 ஆகிய மூன்று வேகங்களும் அதில் உண்டு. கர்நாடக சங்கீத ரிக்கார்டுகளைப் பிரதானமாகக் கேட்பவர், சர்வீஸ் வசதி குறைந்த ஊரில் வசிப்பவர், யந்திரத்தை அடிக்கடி திருத்திக்கொண்டிருக்க விரும்பாதவர் ஆகிய மூவருக்கும் நான் சிபாரிசு செய்வது இதைத்தான். இதைவிடப் பல மடங்கு விலையுள்ளவை எத்தனையோ இருக்கின்றன. சுருதி விஷயத்தில் அவை இதைவிட அதிகமாக நமக்குச் செய்யக்கூடியது சொற்பம்.

சுருதி அலைகிறதென்று யந்திரத்தின்மேல் பழி போடுவதற்கு முன் ரிக்கார்டையும் சோதிக்கவேண்டும். நடுத்துளை சரியான மையத்தில் இல்லாத ரிக்கார்டுகள் அநேகம். துளை அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால், ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டில், முள் மையத்தை நெருங்கும் இடத்தில், சுருதி மேலும் கீழுமாக நூற்றுக்கு ஒன்றரைக்கு மேல் ஊசலாடும். அது பிரமாண சுருதியையும் கடந்த அளவு. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி ஆகிறதாகையால், அந்த ஊசலாட்டமும் 1.8 வினாடிக்கு ஒருமுறை தவறாமல் திரும்பத் திரும்ப வரும். டோன் ஆர்மைப் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால், அதுவும் அதே தாளத்தில் உள்ளும் வெளியுமாக அசைவது கண்ணுக்குத் தெரியும். இந்தக் குற்றத்தை யந்திரமே உணர்ந்து, ரிக்கார்டை நகர்த்தி மையப்படுத்தும் அற்புதம் ஒன்றை ஜப்பானின் நாகமிச்சி கம்பெனி 1980-களின் தொடக்கத்தில் டிஎக்ஸ்-1000 என்ற யந்திரத்தில் செய்துகாட்டியது. அது சாமானியர் கைக்கு எட்டுவதன்று. நமக்குள்ள வழி, மையம் விலகிய பிரதியை விட்டு வேறு பிரதி தேடுவதுதான்.

வேகத்துக்கு அடுத்தபடியாக நான் வைப்பது அமைதி. எல்.பி. வெட்டும்போது தாழ்ந்த ஸ்தாயி நாதங்களைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிப்பது, 1954 முதல் பொதுவாக ஏற்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. முறை. அதைத் திரும்பச் சரிசெய்யும் போனோ ஸ்டேஜ், மிகத் தாழ்ந்த நாதத்தை நடு நாதத்தோடு ஒப்பிட ஏறக்குறையப் பத்து மடங்கு பெருக்குகிறது. அச்சாணியின் உறுமலும் மோட்டாரின் நடுக்கமும் அந்தத் தாழ்ந்த இடத்திலேயே வசிப்பவையாகையால், அவையும் உடன் பத்து மடங்காகின்றன. மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்காரம் அடங்கும் இடத்தில், அதன் கீழே ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தால், கும்காரத்தின் வால் அதில் கரைந்துவிடும். விலை உயர்ந்த யந்திரத்தில் செலவழிக்கும் பணத்தின் நியாயமான பகுதி, நன்றாகக் கடைந்து எண்ணெயிட்ட அச்சாணிக்கே செல்லவேண்டும். பாட்டுத் தொடங்குமுன் உள்ள வெற்றுப் பள்ளத்தில் முள்ளை இறக்கி, வால்யூமை வழக்கத்தைவிட உயர்த்திக் கேளுங்கள். அச்சாணி எப்படிப்பட்டது என்பதை யந்திரமே சொல்லிவிடும்.

டோன் ஆர்மையும் கார்ட்ரிட்ஜையும் தனித்தனியே புகழ்பெற்றவையாகத் தேர்ந்து சேர்த்துவிட்டால் நல்ல ஜோடி ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். ஜாதகப் பொருத்தம் போல இங்கேயும் ஒரு கணக்கு உண்டு. ஆர்மின் செயல்கனத்தோடு கார்ட்ரிட்ஜின் கனத்தைக் கூட்டி, அந்தத் தொகையைக் கார்ட்ரிட்ஜின் நெகிழ்ச்சி எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159-ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது அந்த ஜோடி தானாகவே ஊசலாட விரும்பும் வேகம். அது வினாடிக்கு 8 முதல் 12-க்குள் அமையவேண்டும். ஆர்ம் 12 கிராம், கார்ட்ரிட்ஜும் திருகாணியும் 8 கிராம், நெகிழ்ச்சி 12 என்று வைத்துக்கொண்டால் விடை 10-ஐ ஒட்டி வரும், உத்தமமான பொருத்தம். மொத்தம் 26 கிராம் கனமும் 30 நெகிழ்ச்சியும் சேர்ந்தால் விடை 6-க்கும் கீழே போய்விடும். அப்போது வளைந்த ரிக்கார்டின் ஒவ்வொரு மேடும் ஆர்மைத் துள்ள வைக்கும். ஜப்பானிய ஒலிபரப்புக்கென்று 1960-களில் பிறந்து இன்றும் தயாராகும் டெனான் டிஎல்-103 விறைப்பான கார்ட்ரிட்ஜ். இரண்டரை கிராம் பாரத்தில் ஓடும். கனமான ஆர்மில்தான் அதன் குணம் வெளிப்படும். இலேசான ஆர்மில் அதை மாட்டிவிட்டுக் குறைகூறுவதில் பயனில்லை.

இன்னொரு விஷயம்: டிஎல்-103 போன்ற மூவிங் காயில் வகைகளில் முள் தேய்ந்தால் நாமே மாற்ற முடியாது, முழுக் கார்ட்ரிட்ஜையும் அனுப்பிவைத்துக் காத்திருக்கவேண்டும். மூவிங் மாக்னெட் வகையில் பழைய முள்ளை இழுத்தெடுத்துப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. டென்மார்க்கின் ஆர்ட்டோபான் 2எம் பிளாக் இவ்வகையில் உயர்ந்தது. 1970-களில் நோரியோ ஷிபாட்டா வகுத்த வடிவிலான அதன் முள், பள்ளத்தின் சுவரை நீண்ட கோடாகத் தொடுகிறது. ரேடியோகிராமின் கனத்த முள்ளால் ஓரளவு உழப்பட்ட ரிக்கார்டுகளிலும், பழைய முள் தொடாத பாகத்தை அது பல வேளைகளில் தேடிக் கண்டுபிடித்துவிடும். 1963-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி அவர்கள் பாடி வெளிவந்த சுப்ரபாத எல்.பி.யைத் தினந்தோறும் விடியற்காலையில் போட்டுப் போட்டுத் தேய்த்த குடும்பங்களுக்கு இது பேருதவி.

கார்ட்ரிட்ஜைப் பொருத்துவது யந்திரத்தைத் தேர்வதற்குச் சற்றும் குறையாத காரியம். ஹெட்ஷெல்லின் உள்ளே தலைமயிரினும் சிறிதே தடித்த நான்கு கம்பிகள் இருக்கும். வெள்ளையும் நீலமும் இடப்பக்கத்துக்கு, சிவப்பும் பச்சையும் வலப்பக்கத்துக்கு. அவற்றை மெல்லிய சாமணத்தால் பிடித்துச் செருகி, இரண்டு திருகாணிகளையும் தளர்த்தியே வைத்து, அளவுத்தாளிலுள்ள இரு புள்ளிகளிலும் முள் விழும்படியும், அவ்விரு இடங்களிலும் கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் தாளின் கோடுகளுக்கு இணையாக நிற்கும்படியும் நகர்த்தி நகர்த்திப் பார்த்து, பிறகே இறுக்கவேண்டும். ரிக்கார்டு வெட்டும் முள் ஆரத்தின் வழியே நேராகச் செல்கிறது. நம் ஆர்மோ வில்லாக வளைந்து செல்கிறது. ஆதலால் இரண்டே இரண்டு இடங்களில்தான் இரண்டும் முற்றிலும் ஒத்துப்போகும். அந்த இடங்களை எங்கே வைத்தால் மற்ற இடங்களில் பிழை மிகக் குறையும் என்பதை ஸ்வீடன் நாட்டு எரிக் லோஃப்கிரென் 1938-லேயே கணக்கிட்டு வைத்திருக்கிறார். இன்றைய அளவுத்தாள்களில் மையத்திலிருந்து 66, 120.9 மில்லிமீட்டர் தூரங்களில் காணப்படும் புள்ளிகள் அவர் கணக்கின் பலன். பாரத்தை உத்தேசமாக வைக்காமல் சிறு எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்து வையுங்கள். வீணையின் மேல் ஸ்தாயி மீட்டு, பக்கத்தின் கடைசியில் கரகரத்தால், பெரும்பாலும் பொருத்தியதில்தான் கோளாறு.

அரக்கு ரிக்கார்டுகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்.பி. முள்ளின் நுனி 18 மைக்ரான் அளவு. அரக்கு ரிக்கார்டுக்கு 75 மைக்ரான் அளவுள்ள தனி முள் வேண்டும். ஆரம்ப காலத்து ரிக்கார்டுகள் எல்லாம் சரியாக 78 வேகத்தில் பதிவானவை அல்ல. ஆகவே வேகத்தை ஏற்றி இறக்கும் வசதி இன்றியமையாதது. சாராயம் கலந்த திரவத்தால் அவற்றைத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

வீட்டில் யந்திரத்தை வைக்கும் இடத்தைப் பற்றி மேல்நாட்டார் எழுதும் அறிவுரைகளை அப்படியே ஏற்கத் தேவையில்லை. அவர்களுடைய வீடுகளின் மரத்தளம் நடந்தால் குலுங்கும். நம் கான்கிரீட் தளம் குலுங்குவதில்லை. நமக்குப் பகை ஸ்பீக்கரின் அதிர்வும், தெருப் புழுதியும், கடற்கரை ஊர்களின் ஈரமும்தான். ஸ்பீக்கர் நிற்கும் மேஜையிலேயே யந்திரத்தை வைக்காதீர்கள். ரிக்கார்டுகளை நிமிர்த்தி நிறுத்தி, வெயில் படாத சுவரோரம் வையுங்கள். பூஞ்சணம் பிடித்தவற்றைக் கழுவாமல் புது முள்ளின் கீழ் வைக்காதீர்கள்.

செலவைப் பங்கிடும் விஷயத்தில் என் யோசனை, நூறு ரூபாயில் ஐம்பதுக்கு மேல் யந்திரத்துக்கும் ஆர்முக்கும் கொடுக்காமல், இருபத்தைந்து கார்ட்ரிட்ஜுக்கும், எஞ்சியதைப் போனோ ஸ்டேஜுக்கும் ரிக்கார்டு கழுவும் சாதனத்துக்கும் ஒதுக்குவது. கழுவும் சாதனத்தை வீண் செலவென்று தள்ளுகிறவர்கள், அழுக்கு நிறைந்த பள்ளத்தில் விலை உயர்ந்த வைர முள்ளைத் தேய்க்கிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடைக்காரர் தம்மிடமுள்ள ரிக்கார்டைப் போட்டுக் காட்டுவதோடு திருப்தி அடையாதீர்கள். இருபது ஆண்டுகளாக நீங்கள் கேட்டுப் பழகிய, துளை நடுவே அமைந்த சொந்த ரிக்கார்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஆலாபனை தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்தச் சில வினாடிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அதே பக்கத்தின் கடைசிப் பாட்டையும் கேளுங்கள். முடிந்தால் கையடக்கச் சுருதிப் பெட்டி ஒன்றை உடன் வைத்து ஒப்பிடுங்கள். ஷட்ஜம் அசையாமல் நின்றால் வாங்குங்கள். அசைந்தால், விலை எவ்வளவு உயர்ந்ததாயினும், பெயர் எவ்வளவு பெரியதாயினும், வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

இங்ஙனம்,
உங்களைப் போன்ற ரிக்கார்டு அன்பன்